வீட்டில் குரல் பதிவு: கையில் இருக்கும் காசுக்கு எந்த மைக் வாங்கலாம்?

"மைக் வாங்க வேண்டும், எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டைத்தான். எந்த அறையில் உட்கார்ந்து பேசப் போகிறீர்கள்? தரை டைல்ஸா? ஃபேனை நிறுத்த முடியுமா? ஜன்னலுக்கு வெளியே தெருவா, தோட்டமா? இதெல்லாம் தெரிந்துவிட்டால் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்த மாதிரி.

இணையத்தில் மைக் பற்றிப் பேசும் காணொளிகளில் நிறையப் பேர் பார்ப்பவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எடுத்தவை. அங்கே தரையில் கம்பளம் கிடக்கும். பல வீடுகளில் உட்சுவர் ஜிப்சம் பலகை. ஜன்னல் இறுக்கமாக மூடியிருக்கும். தலைக்கு மேலே ஃபேன் சுற்றாது. நம் வீட்டில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, வழவழப்பான தரை, நாள் முழுக்க ஓடும் ஃபேன், வெளியே ஹாரன். அந்த அறையில் தேன் மாதிரி ஒலித்த மைக் நம் அறைக்கு வந்ததும் கரகரப்பதற்கு மைக்கின் மேல் பழி போட முடியாது. ஆகவே உங்கள் அறைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து வாங்குங்கள்.

கதை வாசிப்பு, பாட்காஸ்ட், ஆன்லைன் பாடம், டப்பிங் பயிற்சி என்று பேச்சுக்குரலை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பாட்டையும் வாத்தியத்தையும் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

காசு செலவழிக்கும் முன்: ஃபோனில் ஒரு சோதனை

நீங்கள் பதிவு செய்யப் போகும் அறைக்குப் போய், வழக்கமாக அந்த நேரத்தில் ஓடும் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவைத் தொடங்குங்கள். முதல் அரை நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு ஏதாவது ஒரு பக்கத்தைச் சாதாரணக் குரலில் வாசியுங்கள். அதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம், ஒயர் வைத்த இயர்போனில் கேளுங்கள்.

மூன்று குறைகளில் ஒன்றோ பலவோ காதில் விழும். ஒன்று, கிணற்றுக்குள் இருந்து பேசுவது போன்ற எதிரொலி. இரண்டு, பின்னணியில் ஃபேன், ஃப்ரிட்ஜ், தெரு. மூன்று, குரலே சப்பையாக, கனமில்லாமல் இருப்பது. புது மைக் நேரடியாகத் தீர்க்கக்கூடியது மூன்றாவதை மட்டும்தான். முதல் இரண்டுக்கும் மருந்து அறையிலும் தூரத்திலும் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கிவிட்டு, "மைக் சரியில்லை" என்று விற்கக் கிளம்புகிறவர்கள் ஏராளம்.

ஒன்று கவனிக்க வேண்டும். புளூடூத் இயர்பட்ஸில் இருக்கும் மைக்கைக் கொண்டு பதிவு செய்யாதீர்கள். அந்த மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பெரும்பாலான கருவிகளில் இணைப்பு தொலைபேசிப் பேச்சின் தரத்துக்கு இறங்கிவிடும். ஃபோனில் இருக்கும் மைக்கே அதைவிட நன்றாக இருக்கும்.

அறையைச் சரிசெய்வது

அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டிய பிறகு "டிர்ர்" என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹால் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி இருக்கும் படுக்கையறை நல்லது. இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோம் அட்டைகளைவிட அது நன்றாக வேலை செய்யும். மெல்லிய ஃபோம் 'ஸ்' போன்ற கூர்மையான ஒலிகளை மட்டும் உறிஞ்சும், குரலின் அடித்தளத்தில் வரும் எதிரொலியை அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டையை ஒட்டினால் சுவர் அழுக்காவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் நடக்காது.

எதை எங்கே வைப்பது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஃபோம் ஒட்டுவார்கள். நாம் வாங்கப் போகும் மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதன் முன்னால் இருப்பது நீங்கள், உங்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு வெறும் சுவர். மைக் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே முதல் ஜமுக்காளம் உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்க வேண்டும். ஒரு கயிறு கட்டி, தடித்த போர்வை இரண்டைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளித் தொங்கவிட்டால் போதும். பீரோவைத் திறந்து வைத்து, துணிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்வதும் இதே வேலையைச் செய்யும். அறையின் மூலையிலும், நட்ட நடுவிலும் உட்காராதீர்கள்.

ஃபேன் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: நிறுத்தத்தான் வேண்டும். அதன் சத்தத்தை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், ஆனால் அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதாகிவிடும். தவிர, ஃபேன் காற்று மைக் மீது அடிப்பது தனியாக ஒரு உறுமல். ஏசி இருந்தால் அறையைக் குளிரவைத்து, அணைத்துவிட்டுப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பதிவு செய்யுங்கள். ஏசி இல்லாதவர்கள் இரவு பதினொன்றுக்கு மேல் உட்காருவதே வழி. விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நினைத்து ஐந்து மணிக்கு எழுந்தால் காகமும் குயிலும் முந்திக்கொள்ளும்.

டைனமிக்கா, கண்டென்சரா?

வீட்டுப் பதிவுக்கு வாங்கக்கூடிய மைக்குகள் இரண்டே குடும்பம்.

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும் அதோடு ஒட்டிய சிறு கம்பிச் சுருளும் ஒரு காந்தத்துக்கு நடுவே அசையும். அந்த அசைவே மின்சாரம் ஆகிறது. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. கோயில் விழாவிலும் கல்யாண மேடையிலும் நாம் பார்க்கும் கைமைக் எல்லாம் இந்த வகைதான். 1966-இல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்58 இன்றும் அதே உருவத்தில் விற்கிறது. கீழே விழுந்தாலும் எளிதில் ஒன்றும் ஆகாது.

கண்டென்சர் மைக்கில் சுருள் கிடையாது. மின்னூட்டம் பெற்ற இரண்டு தகடுகள் இருக்கும், அதில் ஒன்று ஒலிக்கு அசையும். சுருளின் பாரம் இல்லாததால் மிக நுணுக்கமான ஒலிகளையும் பிடிக்கும். ஆனால் இயங்க மின்சாரம் வேண்டும். ஸ்டூடியோ வகைக்கு 48 வோல்ட் கொடுப்பார்கள், ஃபேண்டம் பவர் என்று பெயர். ஒரு காலத்தில் கண்டென்சர் என்றாலே எட்ட முடியாத விலை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் எலக்ட்ரெட் வகையை உருவாக்கினார்கள். மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கும் சவ்வு அது. அதற்குப் பிறகுதான் சட்டையில் குத்தும் மைக்கும், இயர்போன் ஒயரில் இருக்கும் மைக்கும் சில ரூபாயில் சாத்தியமாயின.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணில் பாருங்கள். ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி2020 என்ற கண்டென்சர் தருவது 14.1 மில்லிவோல்ட். ஏழு மடங்குக்கும் மேல். அதனால் டைனமிக் மைக்கை இணைக்கும் கருவியில் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் திருகை, நிறையத் திருக வேண்டியிருக்கும்.

"டைனமிக் வெளிச்சத்தத்தைப் பிடிக்காது" என்று எங்கும் எழுதியிருப்பார்கள். இது பாதிதான் உண்மை. டைனமிக் மைக்கையும் இரண்டு அடி தள்ளி வைத்தால் அது ஃபேனையும் சேர்த்துத்தான் கேட்கும். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: வாய்க்கு மிக அருகில் வைத்தாலும் கெடாமல் தாங்கும். வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். 40 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் இந்த 12 டெசிபலை எந்த விலையுயர்ந்த மைக்கும் தூரத்திலிருந்து தந்துவிடாது.

அப்புறம், மைக்கின் திசை. கார்டியாய்டு என்று பெட்டியில் போட்டிருந்தால் முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறையும், நேர் பின்னால் மிகக் குறைவு. ஜன்னலோ ஃப்ரிட்ஜோ இருக்கும் திசைக்கு மைக்கின் முதுகைக் காட்டி வைத்தால் அந்தச் சத்தம் கணிசமாக இறங்கும். ஆம்னி என்றிருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். வீட்டுக்கு கார்டியாய்டு போதும்.

என் தீர்ப்பு இதுதான். டைல்ஸ் தரையும் தெருச் சத்தமும் உள்ள சாதாரண வீட்டில் பேச்சுப் பதிவுக்குத் தொடங்குகிறவர் டைனமிக் வாங்கட்டும். போர்வை கட்டி அடக்கிய, நிஜமாகவே அமைதியான அறை இருந்தால் கண்டென்சரை யோசிக்கலாம்.

இணைப்பு: யு.எஸ்.பி, எக்ஸ்.எல்.ஆர், 3.5 மி.மீ.

யு.எஸ்.பி மைக்கை நேராக லேப்டாப்பில் செருகிப் பேசலாம். யு.எஸ்.பி கேபிளை ஃபோனில் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் இருந்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் வேலை செய்யும். லேப்டாப் இல்லாத மாணவர்களுக்கு இது பெரிய வசதி.

எக்ஸ்.எல்.ஆர் என்பது மூன்று ஊசி கொண்ட தடித்த இணைப்பு. அந்த மைக்குக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி தேவை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யுஎம்2, எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ ஆகியவை தொடங்குகிறவர்கள் வாங்கும் பெட்டிகள். மூன்றிலும் 48 வோல்ட் வசதி உண்டு. செலவு கூடும், ஆனால் நாளை மைக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வாயும் உள்ள மைக்குகளும் இருக்கின்றன. புதியவருக்கு நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான். இன்று யு.எஸ்.பி-யில் தொடங்கலாம், கையில் காசு சேர்ந்ததும் இன்டர்ஃபேஸ் வாங்கி அதே மைக்கை எக்ஸ்.எல்.ஆரில் மாட்டலாம்.

3.5 மி.மீ. ஊசியில் ஒரு சிக்கல் உண்டு. ஊசியில் மூன்று கருப்பு வளையம் இருந்தால் அது ஃபோனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கோ பழைய கம்ப்யூட்டருக்கோ ஆனது. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் பதிவாகாது. வாங்கும் முன் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎம்-800 என்ற பெயரில் மைக், அதைத் தாங்கும் வளைகை, வலைத்தடுப்பு, கைதட்டல் சத்தம் போடும் பொத்தான்கள் வைத்த வி8 சவுண்ட் கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியில் மலிவாக வரும். பார்க்க ஸ்டூடியோ மைக் போலவே இருக்கும். அதோடு தரும் கேபிளின் ஒரு முனை எக்ஸ்.எல்.ஆர், மறுமுனை 3.5 மி.மீ. கம்ப்யூட்டரின் மைக் துளை தருவது சில வோல்ட்தான். 48 வோல்ட்டின் அருகில்கூட வராது. விளைவு, குரல் மெலிந்து, பின்னால் "உஸ்ஸ்" என்று இரைச்சல். வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதே பணத்தில் ஒரு எளிய டைனமிக் மைக் உங்களுக்கு அதிகம் உழைக்கும்.

விவரப் பட்டியலில் எதைப் படிப்பது

மலிவு மைக்குகளின் பெட்டியில் "192 கிலோஹெர்ட்ஸ்" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறது என்ற எண் அது. பேச்சுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். மைக் எவ்வளவு தாழ்ந்த ஒலியிலிருந்து எவ்வளவு கீச்சான ஒலி வரை பிடிக்கும் என்று சொல்லும் "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்ற வரியும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. எஸ்எம்58-இன் அளவு 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான். உலகம் முழுக்க மேடைகள் அதை நம்பி நடக்கின்றன.

கண்டென்சர் வாங்கினால் செல்ஃப் நாய்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல் அது, குறைய குறைய நல்லது. ஏடி2020-க்கு 20 டெசிபல், அதன் அண்ணன் ஏடி2035-க்கு 12, ரோடு என்டி1-ஏ மைக்குக்கு 5. வீட்டுப் பேச்சுப் பதிவுக்கு 20 வரை பரவாயில்லை. நம் அறையின் சத்தமே அதைவிட அதிகம். இந்த எண்ணைத் தயாரிப்பாளர் எங்குமே சொல்லவில்லை என்றால் அந்த மைக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

மினுக்கும் கலர் விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். யு.எஸ்.பி மைக் என்றால் ஹெட்போன் செருகும் துளை மைக்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அது முக்கியம். உங்கள் குரலைத் தாமதமில்லாமல் கேட்டுக்கொண்டே பேசினால் தூரம் மாறுவதும் 'ப' வெடிப்பதும் உடனே தெரிந்துவிடும்.

காசுக்கேற்ற தேர்வு

விலைகள் தள்ளுபடிக் காலத்துக்கு ஒரு மாதிரி, மற்ற நாட்களில் ஒரு மாதிரி இருக்கும். தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஆயிரம் ரூபாய்தான் என்றால் போயா பிஒய்-எம்1 போன்ற சட்டை மைக். ஆறு மீட்டர் ஒயர், உள்ளே ஒரு சின்ன பட்டன் பேட்டரி, ஃபோனுக்கும் கேமராவுக்கும் மாற்றும் சுவிட்ச். தமிழ் யூடியூபர்கள் பலர் இதில் தொடங்கியவர்கள். இது ஆம்னி வகை, அதனால் அறையை அடக்காமல் பயன்படுத்தினால் எதிரொலி வரும். நெஞ்சில் குத்தாமல் வாய்க்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து பாருங்கள், நல்ல மாற்றம் தெரியும்.

ஐயாயிரத்தை ஒட்டி ஃபைஃபைன் ஏஎம்8 போன்ற யு.எஸ்.பி, எக்ஸ்.எல்.ஆர் இரண்டும் உள்ள டைனமிக் மைக்குகள் கிடைக்கின்றன. இன்னும் கொஞ்சம் மேலே போனால் சாம்சன் க்யூ2யு, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ். க்யூ2யு பெட்டியிலேயே சிறு மேசை ஸ்டாண்டு, ஃபோம் தொப்பி, இரண்டு வகைக் கேபிளும் வந்துவிடும். கதை வாசிக்கவும் பாட்காஸ்ட் செய்யவும் முதல் மைக்காக எனக்கு மிகப் பிடித்தது இந்த வரிசைதான். இங்கேயே நின்றுவிட்டால்கூட வருடக்கணக்கில் குறையில்லாமல் வேலை நடக்கும்.

ஏற்கெனவே இன்டர்ஃபேஸ் இருந்தால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 மிகக் குறைந்த விலையில் நல்ல டைனமிக். மேடை நிகழ்ச்சி நடத்தும் நண்பர் வீட்டில் அஹுஜா மைக் சும்மா கிடந்தால் அதையும் இரவல் வாங்கிச் சோதியுங்கள். எஸ்எம்58 கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் விற்றால் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும் பொருள்.

அமைதியான அறை உள்ளவர்களுக்கு ஏடி2020-உம் ஒரு இன்டர்ஃபேஸும். எல்லாப் பாட்காஸ்ட் காணொளியிலும் தெரியும் கருப்பு ஷூர் எஸ்எம்7பி-யை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முப்பதாயிரத்துக்கு மேல் விலை, அதற்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் வேண்டும், மலிவு இன்டர்ஃபேஸ்கள் அங்கே மூச்சு வாங்கும்.

பாடுகிறவர்களுக்கும் வீணை, வயலின், புல்லாங்குழல் வாசிப்பவர்களுக்கும் கண்டென்சரின் நுணுக்கம் நிஜமாகவே பயன்படும். அவர்கள் அறைக்குத்தான் முதல் பணத்தை ஒதுக்க வேண்டும். மிருதங்கத்துக்கு எஸ்எம்57 வகை டைனமிக் போதும். சுருதிப்பெட்டியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுங்கள். ஸ்பீக்கரில் ஓடினால் குரலோடு கலந்து பிறகு பிரிக்க முடியாமல் போகும்.

மைக்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை

மொத்தப் பணத்தையும் மைக்கில் கொட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது இவற்றுக்கு வையுங்கள். காதை முழுதாக மூடும் ஒயர் ஹெட்போன் ஒன்று, இது தவிர்க்க முடியாதது. மூச்சுக்காற்று மைக்கில் இடிக்காமல் தடுக்கும் வலை, அதாவது பாப் ஃபில்டர் ஒன்று, அல்லது ஃபோம் தொப்பி. மேசையில் நிற்கும் குட்டி ஸ்டாண்டு வழியாக விரல் தட்டும் சத்தம்கூட மைக்குக்குப் போகும், ஆகவே மேசையின் விளிம்பில் பிடிக்கும் வளைகையோ தரையில் நிற்கும் ஸ்டாண்டோ நல்லது. எக்ஸ்.எல்.ஆர் கேபிள் மூன்று மீட்டர் போதும்.

எங்கே வாங்குவது

சென்னையில் இருப்பவர்களுக்குக் கேபிள், ஸ்டாண்டு, இணைப்பான் போன்றவற்றுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் வசதி. மைக்கை இசைக்கருவிக் கடையில் வாங்கினால் கையில் பிடித்துப் பேசிப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் ஒலிபெருக்கிக் கடைக்காரரிடம் கேளுங்கள், அவர்களுக்கு டைனமிக் மைக் அத்துபடி.

எஸ்எம்58-க்குப் போலிகள் உலகெங்கும் ஓடுகின்றன. பாதி விலைக்குக் "ஒரிஜினல்" என்று யாராவது நீட்டினால் விலகுங்கள். அசலின் எடை 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், குறைவாகக் காட்டினால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். எடை சரியாக இருப்பது மட்டும் அசல் என்பதற்குச் சான்று ஆகாது, பில்லும் வாரண்டி அட்டையும் வேண்டும்.

பழைய மைக் வாங்குவதாக இருந்தால் டைனமிக்கைத் தைரியமாக வாங்கலாம். கண்டென்சருக்கு ஈரம் ஆகாது. கடற்கரை ஊரில் திறந்து கிடந்த கண்டென்சரில் பட்பட் என்று ஒரு வெடிப்பு வரும். நீங்கள் புதிதாக வாங்கினாலும் பதிவு முடிந்ததும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

மைக் வந்த அன்றே செய்ய வேண்டியது

பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மைக்கின் முகம் எது என்று பாருங்கள். கைமைக் வடிவில் இருந்தால் உச்சியில் பேச வேண்டும். ஏடி2020, ப்ளூ யெட்டி போன்றவற்றுக்கு முகம் பக்கவாட்டில், நிறுவனத்தின் சின்னம் இருக்கும் பக்கம். யெட்டியை வாயை நோக்கிப் படுக்கவைத்து உச்சியில் பேசுபவர்களை இன்னும் பார்க்கிறேன். பாவம், அத்தனை காசு கொடுத்து வாங்கியும் அதன் நல்ல குரலைக் கேட்காமலே இருக்கிறார்கள்.

டைனமிக் என்றால் வாயிலிருந்து நான்கு விரற்கடை, கண்டென்சர் என்றால் ஒரு சாண். நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரத்தைப் பார்க்கும்படி சற்றுச் சாய்த்து வையுங்கள். மூச்சுக்காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும். மிக அருகில் போனால் அடிக்குரல் கனக்கும். அது கார்டியாய்டு மைக்குகளின் இயல்பு. கொஞ்சம் பிடித்திருக்கும், அதிகமானால் சொற்கள் மங்கும்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ரீப்பர் என்ற இன்னொன்றை அறுபது நாள் காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். 48,000 ஹெர்ட்ஸ், முடிந்தால் 24 பிட், மோனோ (ஒரே தடம்) என்று அமையுங்கள். மோனோ மறந்தால் சில இன்டர்ஃபேஸ்களில் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். விண்டோஸில் மைக்குக்கான தானியங்கி மேம்பாடுகள் எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மூச்சு விடும் இடைவெளியில் பின்னணிச் சத்தம் எழுந்து எழுந்து அடங்கும்.

கதையில் எவ்வளவு உரக்கப் பேசுவீர்களோ அவ்வளவு உரக்கப் பேசி, மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவே எட்டும்படி கெயினை வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடையும். உடைந்ததைப் பிறகு ஒட்ட முடியாது.

இப்போது அரை நிமிடம் மௌனமாகப் பதிவு செய்துவிட்டு இந்த இரண்டு வரிகளைச் சொல்லுங்கள்:

பாப்பா பட்டம் பறக்கவிட்டுப் படியில் நின்று பார்த்தாள்.
சனிக்கிழமை சாயங்காலம் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கினோம்.

முதல் வரியில் "டப் டப்" என்று காற்று இடித்தால் மைக்கை இன்னும் சாய்க்க வேண்டும், அல்லது பாப் ஃபில்டர் வேண்டும். இரண்டாவதில் 'ச' சீறிக் காதைக் குத்தினால் மைக்கை வாய்க்கு நேரே இருந்து கொஞ்சம் கீழே இறக்குங்கள். பிறகு மைக்கின் முதுகுப் பக்கம் போய் அதே வரிகளைச் சொல்லிப் பாருங்கள். முன்பக்கம் பேசியதைவிடத் தெளிவாகக் குறையவில்லை என்றால் அது கார்டியாய்டு இல்லை, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கடைசிச் சோதனை மௌனம். ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் ஒலிநூல்களுக்கு வைத்திருக்கும் அளவுகோலை நாமும் கடன் வாங்கலாம்: பேச்சின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையே, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், மௌனம் மைனஸ் 60 டெசிபல் அல்லது அதற்கும் கீழே. ஆடாசிட்டியின் அனலைஸ் மெனுவில் இந்தச் சராசரியை (ஆர்எம்எஸ் என்று பெயர்) அளக்கும் வசதி உண்டு. முதலில் மொத்தப் பதிவையும் உயர்த்தி, பேச்சு மைனஸ் 20 அளவில் வரும்படி செய்துவிட்டு, அதன் பிறகு மௌனத்தை அளக்க வேண்டும். பேச்சைத் தாழ்வாக விட்டுவிட்டு அளந்தால் எந்த மைக்கும் தேறிவிடும்.

மைனஸ் 60-ஐ எட்டவில்லையா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு ஊசிச் சார்ஜர்கள் "ம்ம்ம்" என்ற இரைச்சலைக் கொண்டுவரும். அடுத்து ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், பக்கத்து அறை ஃபேன். அப்புறம் தூரத்தை இன்னும் இரண்டு விரற்கடை குறைத்துக் கெயினை இறக்குங்கள். கேபிளை அசைத்து, வேறு யு.எஸ்.பி துளையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த நள்ளிரவிலும் "உஸ்ஸ்" நிற்கவில்லை என்றால் குறை மைக்கில்தான். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அந்தப் பதிவையும் பெட்டி திறந்த காணொளியையும் சேர்த்து அனுப்பி மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.